மல்லிகாவுக்கு நீ எடுத்த வக்காலத்து

என் அன்புத் தம்பி கொத்சு,

இந்தப் பெயரில் உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் நாக்கு பழகவில்லை. வீட்டில் உனக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் இந்தக் கடிதத்தைப் பலரும் படிக்கப் போகிறார்கள், உன் சொந்தப் பெயரைப் போடலாமா என்று உன்னிடம் கேட்க வழியில்லை. அதனால் நீயே உனக்கு வைத்துக்கொண்ட பெயரில் எழுதுகிறேன். ஊர் உலகத்தில் எத்தனையோ பெயர் இருக்க, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய்க் கொத்சுவின் பெயரை ஒரு மனிதன் வைத்துக்கொள்வானா? சிதம்பரத்தில் ஒரு லேபுக்கு வேலைக்குப் போன முதல் மாதமே நீ அதற்கு அடிமையானது எனக்குத் தெரியும். அந்தப் பெயரில் முகம் தெரியாத மனிதர்களோடு ஆறு வருஷம் பேசிக்கொண்டிருந்தாய் என்பது மட்டும் தெரியாது.

முதலில் வீட்டுச் சேதி. கடலூர் ஓ.டி.யில் தையல் கடை ஓடுகிறது. பழைய மிஷினை மாற்றிவிட்டேன், புதியது சத்தமே போடுவதில்லை, அதனால் தெருவில் பேசுவதெல்லாம் காதில் விழுகிறது. என் வீட்டுக்காரருக்கு, அதான் உன் மாமாவுக்கு, சர்க்கரை ஏறி, காலையில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடக்கிறார், டீக்கடை வரைக்கும். உன் சட்டைகளில் இரண்டை அவருக்குப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். மற்றவை அப்படியே இருக்கின்றன.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று சாயந்திரம் போனை என்னிடம் நீட்டி, "லேபுக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுக்கா, நாளைக்கு வரமாட்டேன்னு" என்றாய். கூடவே போனைத் திறக்கிற நம்பரையும் சொன்னாய். மறுநாள் காலையில் நீ இல்லை. முப்பத்தெட்டு வயசில் ஒருவனுக்கு நெஞ்சு நின்றுபோகும் என்று யார் நினைத்தார்கள்? அந்த நம்பரைச் சொன்னபோது உனக்கு ஏதாவது தோன்றியதா, இல்லை வலியில் சொல்லிவிட்டாயா? அந்தப் போனுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தேதானே சொன்னாய்?

காரியத்துக்கு உன் படம் வேண்டும் என்றுதான் போனைத் திறந்தேன். படம் தேடுவதற்குள் மேலே வரிசையாக வந்து விழுந்தன: 'கொத்சு அண்ணே, எங்க போனீங்க?' 'கொத்சு அண்ணன பாத்தவங்க சொல்லுங்கப்பா.' யாரோ ஓட்டல்காரர்கள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் 'வெள்ளிக்கிழமை ஏழு மணி' என்று ஒரு குழு. வாரம் ஒரு அத்தியாயமாக அதில் ஒரு தொடர்கதை வருகிறது. கதையின் பெயர் 'எட்டரை பஸ்'. எழுதுகிறவர் தன் பெயரை வெள்ளாறு என்று போட்டுக்கொள்கிறார், குழுவை நடத்துவதும் அவர்தான்.

நான் திறந்தபோது வந்திருந்த அத்தியாயத்தில் செல்வம் என்று ஒருவன் கடலூர் ஐஸ் பேக்டரியில் வேலை முடிந்து, கை விறைத்துப்போய் பஸ் ஏறுகிறான். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் கதிர் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்து விடுகிறான். நண்பர்கள் போலிருக்கிறது என்று படித்துக்கொண்டே போனேன். கடைசி வரியில்தான் புரிந்தது, இது ஆணும் ஆணும் காதலிக்கிற கதை.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இரண்டு நாள் தொடவில்லை. மூன்றாம் நாள் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆள் இல்லாதபோது அடுத்தவர் பீரோவைத் திறந்து பார்க்கிற புத்தி எனக்கு உண்டு, அது உனக்கும் தெரியும்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஏதாவது அசிங்கமாக வரும், அப்போது மூடிவிடலாம் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆறு அத்தியாயம் போயும் அந்த இரண்டு பேரும் ஜன்னல் சீட்டு யாருக்கு என்று சண்டை போடுகிறார்கள், ஒருவன் டீ வாங்கினால் இன்னொருவன் வடை வாங்குகிறான். கடைசியில் எனக்கே பொறுமை போய், 'அட, யாராவது ஒருத்தன் வாயத் தெறந்து சொல்லுங்கடா' என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த டீச்சர் ஒரு மாதிரி பார்த்தார்.

கதை என்னை இழுத்தது உண்மை. ஆனால் கதையைவிட எனக்குத் தெரிய வேண்டியது வேறு. இது உன் கதையுமா? ஆமாம் என்றால், என்னிடம் ஏன் சொல்லவில்லை? அம்மா போன பிறகு உனக்கு எல்லாம் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, என்னைப் பார்த்துப் பயந்தாயா? சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவேன் என்று நினைத்தாயா? இதைத் தேடித்தான் அந்தக் கதைக்குள் நுழைந்தேன். செல்வம் உன்னைப் போலத் தலை சொறிகிறானா, கதிர் உன்னைப் போல மோரில் உப்பு ஜாஸ்தி போட்டுக் குடிக்கிறானா என்று வரி வரியாகப் பார்த்தேன்.

கண்டுபிடித்தது உன்னை அல்ல, என்னைத்தான். செல்வத்துக்கு மல்லிகா என்று ஒரு அக்கா. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு ஜாதகத்தோடு வந்து நிற்கிறாள். தம்பி ஒவ்வொரு பெண்ணையும் வேண்டாம் என்கிறான். ஏன் என்று ஒரு நாளும் அவள் கேட்பதில்லை, 'வயசு ஏறுது' என்பதை மட்டும் விதவிதமாகச் சொல்கிறாள். புவனகிரியில் நாம் பெண் பார்க்கப் போனது நினைவிருக்கிறதா? நீ பஜ்ஜியை எல்லாம் சாப்பிட்டுவிட்டு, வெளியே வந்ததும், "நல்ல பொண்ணுக்கா, பாவம், வேற நல்ல எடமா பாக்கச் சொல்லு" என்றாய். பஸ் ஸ்டாண்டில் நடுக்கூட்டத்தில் வைத்து உன்னை என்னவெல்லாம் திட்டினேன்! நீ என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றாய்.

இப்படி நான் படித்துக்கொண்டிருந்தபோதே புது அத்தியாயங்களும் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை, மல்லிகா தம்பியை ஒரு வார்த்தை கேட்காமல் நிச்சயத்துக்கு நாள் குறித்துவிட்டு, மண்டபத்துக்கும் சொல்லிவிட்டு வருகிறாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அதுவரை நான் கதையை மட்டும்தான் படித்துவந்தேன். வாசகர்கள் பேசிக்கொள்வதற்குத் தனி இடம் இருந்தது, அதற்குள் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அன்று நேராக அங்கே போய், உன் போனில், உன் பெயரில் எழுதிவிட்டேன்: 'இந்த மல்லிகா எல்லாம் ஒரு பொம்பளையா? தம்பி மனசுல இன்னா இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியாதா? இவள மாதிரி அக்காவுங்களாலதான் ஆம்பளப் பசங்க வாயத் தெறக்காம சாவுறாங்க.'

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் அங்கே தீபாவளி ஆரம்பித்துவிட்டது. 'கொத்சு அண்ணன் வந்துட்டாரு!' பூ, வெடி, கைதட்டல். 'ரெண்டு மாசமா எங்க போனீங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா?' உன்னை இத்தனை பேர் தேடுகிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. நடுவில் ஒருவர் கேட்டிருந்தார்: 'அண்ணே, இன்னா இது, உங்க கட்சிக்காரரையே திட்டிப்புட்டீங்க? வக்காலத்த மாத்தக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நீங்கதான!'

என்ன கட்சிக்காரர், என்ன வக்காலத்து? மேலே மேலே தள்ளிப் படித்துப் பார்த்தேன். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருக்கிறது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் கூடப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேருகிறவர் கதையில் யாராவது ஒருவருக்கு வக்கீலாக வேண்டும். அந்த ஆள் நல்லது செய்தாலும் கெட்டது செய்தாலும், வெள்ளிக்கிழமை தோறும் அவர் பக்கம் நின்று பேச வேண்டும். கதை முடியும் வரை கட்சி மாறக்கூடாது. செல்வத்துக்கும் கதிருக்கும் ஒரு பட்டாளமே வக்கீலாக இருக்கிறது. பஸ் கண்டக்டருக்குக்கூட ஒருவர் இருக்கிறார். மல்லிகாவை எடுத்துக்கொள்ள யாரும் வரவில்லை. நீ எடுத்துக்கொண்டாய்.

நான் திட்டிய அந்த அக்காவுக்கு நீ வக்கீல். மிஷினை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் கோபம் எங்கே இருக்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்க, நீ இங்கே எனக்காக வாதாடிக்கொண்டிருந்திருக்கிறாய்.

அன்றே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நலம் விசாரித்தவர்களுக்கு 'நல்லா இருக்கேன்' என்று பதில் போட்டேன். செத்துப்போன உன்னை, நல்லா இருக்கேன் என்று சொல்ல வைத்தேன். இப்படி மூன்று வெள்ளிக்கிழமை. ஏன் செய்தேன் என்று கேட்டால், அந்த மூன்று வாரமும் அவர்களுக்கு நீ உயிரோடு இருந்தாய். கொஞ்சம் எனக்கும். அதை விட மனசு வரவில்லை. ஆனால் நான்காவது வாரம் ஒரு பையன், 'அண்ணே, நீங்க வந்தப்புறம்தான் எனக்கு நிம்மதியா தூக்கம் வருது' என்று எழுதினான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வெள்ளாறுக்குத் தனியாக எழுதினேன்: 'நான் கொத்சுவின் அக்கா. அவன் இறந்துவிட்டான். இவ்வளவு நாள் எழுதியது நான். மன்னிச்சிடுங்க.'

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. ஆண் குரல். 'ஹலோ' என்றார், அப்புறம் அழுகைதான். அதற்கு அடுத்த ஞாயிறு சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஓர் ஓட்டலில் சந்தித்தோம். அவர் யார், எந்த ஊர் என்று இங்கே எழுதமாட்டேன். இட்லியும் கொத்சுவும் சொன்னார், இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

"நான் செஞ்சது தப்புதான்" என்றேன்.

"மொத நாளே எனக்கு சந்தேகம்க்கா. அண்ணன் ஒரு நாளும் மல்லிகாவ விட்டுக்குடுத்ததில்ல. யாரோ போன எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். கேட்டா நீங்க போயிடுவீங்களோன்னு கேக்கல" என்றார்.

"அவனும்... அவன் யாரையாவது விரும்பினானா?"

டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியாதுக்கா. தெரிஞ்சாலும், அவுரு சொல்லாதத நான் சொல்றது நல்லா இருக்காது."

எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஆள் மேல் மரியாதையும் வந்தது. ஆனாலும் உன்னிடம் கேட்காமல் இருக்க முடியாது. காரியத்தன்று சிதம்பரத்திலிருந்து வந்து, பந்தலுக்கு வெளியிலேயே நின்று, கூப்பிட்டும் பந்தியில் உட்காராமல் போன கண்ணாடிக்காரர் யார்? லேபில் கூட வேலை செய்தவர் என்று நினைத்தேன். லேபில் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்கிறார்கள். அவர் இதைப் படித்தால் வரட்டும். வீடு தெரியுமே அவருக்கு. நான் ஒன்றும் கேட்கமாட்டேன், சாப்பாடு மட்டும் போடுவேன்.

உன் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு பொவனகிரில நாமதான் அவன இழுத்துகினு போனோம்" என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த ரெண்டு பேரும் இன்னா ஆனாங்க? நிச்சயம் நின்னுச்சா?" என்று கேட்டார். இப்போது வாரா வாரம் நான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. கதிர் கொஞ்சம் மெதுவாகப் பேசினால் நல்லது என்பது அவர் கட்சி.

குழுவில் உன் சேதியைச் சொன்ன வெள்ளிக்கிழமை வெள்ளாறு அத்தியாயம் போடவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் உன் வாதங்களைத் தேடி எடுத்துப் போட்டார்கள். ஆறு வருஷத்தில் வந்த மூன்று கதைகளில், மூன்றிலும் யாரும் சீண்டாத ஆளாகப் பார்த்து எடுத்திருக்கிறாய். மல்லிகாவுக்காக நீ பேசியதையெல்லாம் நான் உட்கார்ந்து படித்தேன். 'அவளுக்கு யாரும் இதப்பத்தி சொல்லித் தரல, அவ தப்பு இல்ல.' 'அவ கல்யாணம் பண்ணச் சொல்றது, தனக்கப்புறம் தம்பிக்குச் சோறு போட ஆள் வேணுமேன்னு.' படிக்கப் படிக்க, யார் இவ்வளவு அழகாக என்னைப் புரிந்து வைத்திருந்தது என்று பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு அது வந்தது. செல்வம் அக்காவிடம் சொல்லலாமா கூடாதா என்று பெரிய சண்டை நடந்த வாரம். சொல்லக்கூடாது, அவள் தொலைத்துவிடுவாள் என்று எல்லோரும் ஒரு பக்கம். நீ தனியாக எழுதியிருக்கிறாய்: 'சொல்லலாம். சத்தம் போடுவா. ஏழு நாள் பேசமாட்டா. எட்டாம் நாள் சங்கரா மீன் கொழம்பு வச்சி, தூக்குல எடுத்துகிட்டு பஸ் ஏறி வந்துடுவா. அதுக்கப்புறம் ஊருல எவனாவது ஒரு வார்த்தை தப்பா பேசட்டும், அவன் செத்தான்.'

கதையில் மல்லிகா ஒரு நாளும் மீன் குழம்பு வைக்கவில்லை, தம்பி. புவனகிரிக்குப் பிறகு ஏழு நாள் உன்னோடு பேசாமல் இருந்து, எட்டாம் நாள் சங்கரா மீன் குழம்போடு சிதம்பரத்தில் உன் அறை வாசலில் வந்து நின்றவள் நான்.

அதற்குக் கீழே யாரோ கேட்டிருக்கிறார்கள்: 'இவ்ளோ நம்பிக்கை இருக்குல்ல, அப்ப உங்க அக்காகிட்ட நீங்க சொல்ல வேண்டியதுதான?' நீ போட்ட பதில் ஒரு வரி.

'அந்த ஏழு நாள என்னால தாங்க முடியாது.'

நான் தேடி வந்த பதில் இதுதான். வாசலோடு அனுப்புவேன் என்று நீ பயப்படவில்லை. நான் பேசாமல் இருக்கப்போகும் ஏழு நாளுக்குப் பயந்திருக்கிறாய். கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வது என் பழக்கம், அதை நான் ஒரு பெரிய தண்டனையாக நினைத்ததே இல்லை. போன் அடிக்கும்போது எடுக்காமல், 'கெடக்கட்டும்' என்று தைத்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கம் நீ எப்படி இருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? என்னை மன்னிக்கச் சொல்லவும் வாய் வரவில்லை, ஏனென்றால் நீ முன்பே மன்னித்து வாதாடியும் முடித்துவிட்டாய்.

மல்லிகாவின் வக்காலத்தை என்னை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். எனக்கு நானே வக்கீலாக முடியாது, சாட்சி வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். என் சொந்தப் பெயரில், என் போனில், என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்தக் கடிதத்தை வெறும் நினைவுக்காக நான் உட்கார்ந்து எழுதவில்லை. தூக்கம் வருகிறது என்று உனக்கு எழுதினானே, அந்தப் பையன் குழுவில் கரும்பு என்ற பெயரில் இருக்கிறான். திட்டக்குடிக்காரன், வெளியூரில் வேலை. போன திங்கட்கிழமை தன் அக்காவிடம் போனில் சொல்லிவிட்டான். அவள் பேசாமல் வைத்துவிட்டாள், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நேற்று எனக்கு எழுதியிருந்தான், "யக்கா, உங்க தம்பி சொன்ன எட்டாம் நாள் எல்லா அக்காவுக்கும் வருமா?" என்று. இன்று சனிக்கிழமை, அவனுக்கு ஐந்து நாள் ஆகிவிட்டது. நான் போய்ப் பேசட்டுமா என்று கேட்டேன். அவன் சம்மதித்துத்தான் அக்காவின் விலாசத்தை அனுப்பினான், இங்கே எழுதவும் சம்மதித்தான்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் விருத்தாசலம் போய், அங்கிருந்து திட்டக்குடிக்குப் போகிறேன். மாமாவும் வருகிறேன் என்கிறார். அந்தப் பெண் என்னை யார் என்று கேட்பாள், எந்தச் சொந்தமும் சொல்ல முடியாது. உன்னைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். சத்தம் போட வேண்டும் என்றால் என் முன்னால் போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். அழட்டும், என்னையும் சேர்த்துத் திட்டட்டும். எட்டாம் நாள் வரை இழுத்தடிக்க மட்டும் அவளை விடமாட்டேன். அவள் தன் கையால் அவனுக்குப் போன் போட்டு, ஒரு வார்த்தை, சாப்பிட்டியா என்றாவது கேட்காமல், நான் அந்த ஊரைவிட்டு பஸ் ஏறமாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

ஏழு நாள் பேசாமல் இருந்த,
உன் அக்கா